இரண்டாவது துப்பாக்கி

நிலத்திலோ வியாபாரத்திலோ நாலு காசு சேர்த்து, வீட்டைக் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதையும் குறைவறச் செய்து முடித்த ஒரு கிருஹஸ்தர், தம் தகப்பனார் காலத்திலிருந்து லைசென்சுடன் வீட்டில் இருந்துவரும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் துணையாக ஒரு பிஸ்டலையும் வாங்கிச் சேர்த்தால் என்ன என்று எண்ணுவது, எங்கள் அவலூர்பேட்டை போன்ற ஊர்களிலும் நடக்கக்கூடிய காரியமே. எந்தப் பிஸ்டல் வாங்கலாம், எந்தக் கம்பெனியுடையது உசத்தி, என்ன விலை படியும் என்று விசாரிப்பவருக்குப் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதை ஏன் வாங்க வேண்டும், வாங்கியவரின் காலத்துக்குப் பின் அது என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்பவர்தாம் அரிதாக இருக்கிறார்கள். அந்தக் குறையை என்னாலியன்ற அளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெளிவான அவசியம் உள்ளவர் சட்டப்படி ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளட்டும், சேகரிக்கும் ஆசையால் இரண்டாவதை நாடுகிறவர், அந்த ஆசையைத் தம் வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து ஜனங்கள் எல்லாரும் வந்து பார்க்கும் ஒரு காட்சிசாலையின்பால் திருப்ப வேண்டும், அத்தகைய காட்சிசாலை அமைவதற்குச் செஞ்சியைவிடத் தகுதி வாய்ந்த ஸ்தலம் தமிழ்நாட்டில் வேறொன்று இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் தேசத்தின் ஆயுதச் சட்டம் அவமானத்தில் பிறந்தது. லார்ட் லிட்டன் வைஸ்ராயாக இருந்த 1878ஆம் வருஷத்தில், தேசபாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்த அதே வருஷத்தில், ஆயுதச் சட்டமும் வந்தது. இந்நாட்டார் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்றும், ஐரோப்பியருக்கு அந்தக் கட்டு இல்லை என்றும் வகுத்ததன் மூலம், அது ஒரு பெரிய ஜன சமூகத்தையே நம்பத்தகாதது என்று முத்திரையிட்டு ஒதுக்கியது. அந்தப் புண் ஆறாமல் இருந்தமையால்தான், 1931இல் வல்லபபாய் படேலின் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சுதந்திர இந்தியாவின் அடிப்படை உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் சுதந்திரம் கைவந்த பிறகு, 1948 டிசம்பரில், அந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டுமென்று எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எல்லாருக்கும் உரியதென்று எழுதிவிட்டால் குற்றமே தொழிலாகக் கொண்டவனும் அதே உரிமையைக் கோருவான் என்பது அவருடைய ஆட்சேபத்தின் சாரம். அந்நியன் நம்மீது சுமத்திய தடை இழிவு. நம்முடைய பிரதிநிதிகள் கூடி ஆலோசித்து நமக்கு நாமே விதித்துக்கொண்ட நியமத்தில் இழிவு ஏதும் இல்லை என்று அந்தச் சபை தீர்மானித்ததாகவே நான் கொள்கிறேன்.

அந்தத் தீர்மானத்தின் வழியில் பிறந்ததுதான் இன்றைக்கு அமலில் உள்ள 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று 1983ஆம் வருஷத்துத் திருத்தம் வரம்பிட்டது. 2019ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த வரம்பை இரண்டாகக் குறைத்தது. ஒன்றே போதும் என்றுதான் மசோதா முதலில் வந்தது. பாரம்பரியமாக ஆயுதம் வைத்திருக்கும் குடும்பங்களின் கோரிக்கைகளையும் கேட்ட பிறகே பார்லிமெண்டு இரண்டு என்று முடிவு செய்தது. மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்று தண்டனையும் அதே திருத்தத்தால் கடுமையாயிற்று.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். அமெரிக்காவில், 1791இல் நிறைவேறிய இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பலத்தில், ஒரு தனி மனிதர் சுவர் நிறையத் துப்பாக்கிகளை மாட்டி வைத்து, அவற்றோடு இன்றைக்கு எதைச் சேர்க்கலாம் என்று ஆலோசிக்கலாம். அந்நாட்டில் பொதுஜனங்கள் கையிலுள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல் என்று ஜெனீவாவிலுள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2017ஆம் வருஷத்துக்கு மதிப்பிட்டது. அது அந்நாட்டு ஜனத்தொகையைவிட அதிகம். நம் நாட்டிலோ இரண்டே இடங்கள். அவற்றில் ஒன்றைத் தகப்பனார் விட்டுச் சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருக்குமானால், மிஞ்சுவது ஒன்று. அந்த ஓர் இடத்தில் எதை வைப்பது என்பது வாழ்நாளில் அநேகமாக ஒரே தடவை செய்யும் தீர்மானம். ஆகவே அதை ஆசைக்கு விட்டுவிடாமல் விவேகத்தின் கையில் ஒப்படைப்பதுதான் முறை.

இனி அந்த வஸ்துவைப் பற்றி. ரிவால்வரில், பெரும்பாலும் ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. எத்தனை தோட்டாக்கள் உள்ளன என்பதை உருளையைத் திறந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நாம் சாதாரணமாகப் பிஸ்டல் என்று சொல்லும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி வேறு விதமானது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த வெடிப்பின் உந்துதலே மேலுள்ள ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி வெற்றுக் கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் ஸ்லைடை மீண்டும் முன்னே கொண்டுவரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா தானாகவே குழலின் அறைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சரமாரியாகச் சுடுகிற முழுத் தானியங்கி ஆயுதம் இதனினும் வேறு. அது சட்டத்தால் தடுக்கப்பட்ட ஆயுதங்களுள் அடங்கும்.

இந்த அமைப்பிலேயே இதன் அபாயமும் அடங்கியிருக்கிறது. மேகசினை உருவி எடுத்துவிட்டதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பழக்கமில்லாதவர்கள் நம்பிவிடுகிறார்கள். அறைக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயே இருக்கிறது; பல பழைய மாதிரிகளில் மேகசின் இல்லாத நிலையிலும் விசை வேலை செய்யும். துடைக்கும்போது வெடித்தது, விளையாட்டாகக் காட்டும்போது வெடித்தது என்று சொல்லப்படும் துர்மரணங்கள் நேர்வது இந்த இடத்தில்தான். மேகசினை முதலில் எடுப்பது, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அறையைக் கண்ணால் பார்ப்பது, விரலால் தடவியும் பார்ப்பது என்னும் மூன்று காரியங்களும் நித்திய கர்மாநுஷ்டானம்போல் ஒருவரிடம் ஊறிப்போகாவிட்டால், பிஸ்டல் அவர் வீட்டில் இருக்கத் தகாதது. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் லைசென்ஸ் கேட்பவர் ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், மருத்துவரின் சான்று தர வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி செய்திருக்க வேண்டும் என்று கேட்பது இதனாலேதான். இவற்றை வெறும் காகிதச் சடங்காக நினைத்து எவர் மூலமாவது முடித்துக்கொள்ளப் பார்ப்பவர், தம் குடும்பத்துக்கே துரோகம் செய்கிறவர் ஆவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்விக்கும் ஒரு பதில் உண்டு; அவசியம் உள்ளவருக்காக அதையும் சொல்லிவிட வேண்டும். ராணுவமும் போலீசும் உபயோகிக்கும் 9 எம்.எம். முதலிய போர்கள், அதாவது குழல் விட்டத்தின் அளவுகள், பொதுஜனங்களுக்குத் தடுக்கப்பட்டவை. ஆகவே சாமானியர் பிஸ்டல் வாங்குவது அநேகமாக .32 போரில்தான். 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனி நபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தருவிப்பது தடைப்பட்டுப் போனமையால், அதற்கு முன்னரே இந்நாட்டில் வந்து சேர்ந்த பெல்ஜியத்து பிரௌனிங், ஜெர்மனியின் வால்தர், அமெரிக்காவின் கோல்ட், இங்கிலாந்தின் வெப்லி முதலிய பழைய பிஸ்டல்கள் கைமாறிக் கைமாறி, அவற்றின் உண்மையான உபயோகத்துக்குச் சம்பந்தமே இல்லாத விலைக்கு விற்கின்றன. அறுபது எழுபது வருஷம் பழகிய இயந்திரத்துக்கு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். குழலின் உட்புறம் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். மேகசினின் உதடு வளைந்து தோட்டா நடுவழியில் சிக்கிக்கொள்ளும். உதிரி பாகம் கிடைக்காது. இவ்வளவையும் மறைத்துக்கொண்டு பளபளப்பது அதன் மேல்பூச்சும், அதன் பெயருக்குள்ள கௌரவமும்தாம். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் .32 போரில் பிஸ்டலும் ரிவால்வரும் செய்கின்றன. பெண்களை உத்தேசித்துக் கான்பூர் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட நிர்பீக் என்னும் இலேசான ரிவால்வர், அப்போதே சுமார் ஒன்றேகால் லட்ச ரூபாய் விலை பெற்றது. அவசியத்துக்காக வாங்குகிறவர் புதியதை வாங்கட்டும். தொழிற்சாலையின் சோதனை முத்திரையைப் பார்க்கட்டும். பிஸ்டலின் உடற்சட்டகத்தின்மேலும் ஸ்லைடின்மேலும் உள்ள எண்களை லைசென்ஸில் எழுதப்படும் எண்ணோடு ஒத்துப் பார்க்கட்டும். கையில் அடங்குகிற அளவா, தம் விரல் பலத்துக்கு ஸ்லைடு இழுபடுகிறதா என்று சோதிக்கட்டும். பெருமைக்காகப் பழைய பெயரை நாடுகிறவர், உபயோகத்துக்குத் தகாத ஒன்றுக்கு அதிக விலை கொடுத்தவராகவே முடிவார்.

ஆத்மரக்ஷணைக்கு வேண்டும் என்று சொல்பவரின் வார்த்தையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலாக்கொட்டை மூட்டைகளை விற்றுவிட்டுப் பணத்தோடு இருட்டில் திரும்புகிறவருக்கும், ஊர்க்கோடிக் கொல்லையில் தனி வீட்டில் வசிக்கிறவருக்கும் பயம் இருப்பது இயற்கை. அந்தப் பயம் கௌரவிக்கத்தக்கது. ஆனால் அப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பிஸ்டலைத் தோட்டா நீக்கி, பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைப்பதுதான் தர்மம். அந்தத் தர்மத்தைக் காத்தால் திருடன் வரும் நிமிஷத்தில் அது கைக்கு எட்டாது. கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றித் தலைமாட்டில் வைத்தால், அது முதலில் எட்டுவது வீட்டுக் குழந்தையின் கைக்கே. கடன் தொல்லையாலோ குடும்பக் கலகத்தாலோ ஒருவனுடைய மனம் ஒரு நாழிகை நிலைகலங்கும்போது, வேறெந்த வழியும் ஓரளவு அவகாசம் தரும். எட்டிய இடத்தில் இருக்கும் பிஸ்டல் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. பணத்தைப் பாங்கி வழியாகப் பெறுவதும், வீட்டுக்கு உறுதியான கதவும் விளக்கும் போடுவதும், அண்டை அயலாரோடு சுமுகமாக இருப்பதும் இந்த அபாயம் எதுவுமில்லாத காப்புகள். இவ்வளவும் செய்த பின்னும் உண்மையான அச்சுறுத்தல் ஒருவருக்கு இருந்தால், விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அவருடைய மனுவை விசாரித்து லைசென்ஸ் கொடுக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை. என் வாதமெல்லாம், அச்சுறுத்தலும் இன்றி, பயிற்சியும் இன்றி, இருக்கட்டுமே என்று வாங்கிச் சேர்ப்பவரோடுதான்.

லைசென்ஸ்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலும் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. 2016ஆம் வருஷக் கடைசியில் இந்தியா முழுவதும் இருந்த 33 லட்சத்துக்கு மேற்பட்ட லைசென்ஸ்களில், 12 லட்சத்துக்கு மேற்பட்டவை உத்தரப்பிரதேசம் ஒன்றிலேயே இருந்தன என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்லிற்று. வடக்கே சில பகுதிகளில் தோளில் துப்பாக்கி தொங்குவதே பெரிய மனிதருக்கு அடையாளம் என்னும் சம்பிரதாயம் வேரூன்றி, கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு நிரபராதிகள் மாண்டு, கடைசியில் அந்தக் கொண்டாட்டச் சூட்டையே தனிக் குற்றமாக 2019ஆம் வருஷத்துத் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் பெரிய மனிதருக்கு அடையாளம் ஏரி வெட்டியது, சத்திரம் கட்டியது, கோவில் தேரை ஓட்டியது என்று இருந்திருக்கிறது. இந்த வழக்கத்தை நாம் இழந்துவிடக் கூடாது.

இனி, சேகரிப்பு என்னும் விஷயத்துக்கு வருகிறேன். பழம்பொருளைத் திரட்டிக் காப்பது ஓர் உயர்ந்த குணம். ஏடுகளையும் காசுகளையும் செப்பேடுகளையும் திரட்டியவர்கள் இல்லாவிட்டால் நம் சரித்திரத்தில் பாதி இருண்டு கிடந்திருக்கும். பிஸ்டலுக்கும் அப்படி ஒரு சரித்திர மதிப்பு உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. சென்ற நூற்றாண்டின் சரித்திரத்தில் சில பக்கங்களை இந்தச் சிறிய இயந்திரம்தான் எழுதியிருக்கிறது. 1909ஆம் வருஷம் லண்டனிலிருந்து சாவர்க்கர் இரகசியமாக அனுப்பிய இருபது பிரௌனிங் பிஸ்டல்களில் ஒன்று, அந்த வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி நாசிக் கலெக்டர் ஜாக்ஸனைச் சுட உபயோகமாயிற்று. லண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ. வே. சு. ஐயர் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். எங்கள் செஞ்சிக்குத் தென்கிழக்கே, அன்று பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அந்த நகரத்தில்தான் வாஞ்சிநாதன் துப்பாக்கி சுடப் பயின்றார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டதும், உடனே தம் உயிரையும் மாய்த்துக்கொண்டதும் பிரௌனிங் பிஸ்டலால்தான்.

1928இல் லாகூரில் போலீஸ் அதிகாரி ஸாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் சம்பந்தப்பட்ட பகத் சிங்கின் .32 கோல்ட் பிஸ்டல், பல்லாண்டுகள் எல்லைப் பாதுகாப்புப் படையின் இந்தூர்ப் பயிற்சிப் பள்ளியில், மேலே கறுப்பு வர்ணம் பூசப்பட்டு, இன்னதென்று எவரும் அறியாமல் மற்ற ஆயுதங்களோடு ஆயுதமாகக் கிடந்தது. வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்து, அதன் எண்ணை வழக்கின் ஆவணங்களோடு ஒத்துப் பார்த்த பிறகே அது யாருடையது என்பது சில வருஷங்களுக்கு முன் விளங்கிற்று. இப்போது அது பஞ்சாபில் ஹுஸைனிவாலாவிலுள்ள காட்சிசாலையில் ஜனங்களின் பார்வைக்கு இருக்கிறது. சந்திரசேகர ஆசாதின் கோல்ட் பிஸ்டல் அலகாபாத் காட்சிசாலையில் இருக்கிறது. இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது, 1948 ஜனவரி 30ஆம் தேதி மகாத்மாவின் மார்பைத் துளைத்த பெரெட்டா பிஸ்டல். இத்தாலியில் செய்யப்பட்ட அது, எந்த லைசென்ஸும் இன்றிக் கைமாறி, குவாலியரில் கொலைகாரர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குண்டுகளின் சாட்சியாக இரத்தம் தோய்ந்த வஸ்திரத்தின் ஒரு பகுதியை மதுரைக் காந்தி நினைவுக் காட்சிசாலையில் இன்றும் காணலாம்.

இந்தச் சம்பவங்களிலிருந்து சேகரிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு பிஸ்டலுக்கு மதிப்பைத் தருவது அதன் எண்ணும், அந்த எண்ணோடு இணைந்து எழுதப்பட்ட வரலாறுமே. எழுத்து இல்லாவிட்டால் பகத் சிங்கின் பிஸ்டலும் ஐந்நூறு பிஸ்டல்களில் ஒன்றாகவே இருந்திருக்கும். எழுத்துக்குத் தப்பி மறைவாகக் கைமாறிய பிஸ்டல் எங்கே போய் முடியும் என்பதற்கோ நாட்டின் பெருந்துக்கமே சாட்சி. ஆகையால், ஆயுதத்தை நேசிக்கிறவரின் முதற் கடமை அதன் ஆவணத்தை நேசிப்பது. வீட்டிலுள்ள பழைய துப்பாக்கியை யார், எந்த வருஷம், எவரிடமிருந்து வாங்கினார், எதற்கு உபயோகித்தார், லைசென்ஸ் எந்த வருஷம் யார் பேருக்கு மாறிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுபது வயது நிரம்பியவரோ, இருபத்தைந்து வருஷம் ஆயுதத்தை வைத்திருந்தவரோ அதைத் தம் வாரிசுக்கு மாற்றித்தர 2016ஆம் வருஷத்து விதிகள் இடம் கொடுக்கின்றன. லைசென்ஸ்களையெல்லாம் தனித்தனி அடையாள எண்ணோடு தேசிய அளவில் பதிவு செய்யும் ஏற்பாடும் வந்துவிட்டது. நூறு வயதாகிவிட்டது, இனி இது வெறும் பழம்பொருள்தானே என்று எண்ணி லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. பழுது பார்த்தாலும் இனிச் சுடாது என்னும் நிலையிலுள்ள பழைய ஆயுதத்துக்கே சட்டம் விலக்களிக்கிறது, சுடக்கூடியது எவ்வளவு பழையதானாலும் துப்பாக்கிதான்.

இப்படிச் சரித்திரமுள்ள ஒரு பிஸ்டல் இருந்தும், அது ஒரு வீட்டின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? சட்டப்படி அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்; பூட்டி வைத்ததை ஒருவரும் பார்க்க முடியாது; தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து, முடிந்தபின் திரும்ப வாங்கி வர வேண்டும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய ஆயுதசாலையில் பீலியணிந்து மாலை சூட்டி நெய்பூசிக் காவலோடு வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கண்டு, தம் அரசனுடைய வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லனுடைய பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிய செய்தி புறநானூற்றில் வருகிறது. உபயோகமின்றி அலங்காரமாக இருக்கும் ஆயுதத்துக்குப் பெருமை இல்லை என்பது அந்தத் தூதின் உட்கருத்து. ஆயினும் தொண்டைமானின் ஆயுதசாலைக்கு ஒரு சிறப்பு இருந்தது; அதை அயல்நாட்டுத் தூதர் வந்து பார்க்க முடிந்தது, பார்த்ததனால் ஒரு பாட்டும் பிறந்தது. நம் காலத்துத் தனி மனிதர் பூட்டி வைத்திருக்கும் பிஸ்டலுக்கோ அதியமானின் போர்க்களமும் இல்லை, தொண்டைமானின் பார்வையாளரும் இல்லை.

ஆகையால் என் யோசனை இது. சேகரிக்கும் ருசியுள்ளவர்கள் ஒன்று கூடிச் செஞ்சியில் ஓர் ஆயுத சரித்திரக் காட்சிசாலை அமைவதற்கு முயல வேண்டும். காரணம் சொல்லத் தேவையே இல்லாத அளவுக்குப் பொருத்தமான இடம் அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்த அந்த மதில்கள், வில்லும் வேலும் பீரங்கிக்கு வழிவிட்ட மாறுதலைக் கண்ணெதிரே கண்டவை. நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானின் படைகளிடம் சென்ற கோட்டை, 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. அவருடைய மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாய சேனாபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் அதை முற்றுகையிட்டுக் கிடந்தான். 1714இல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபின் சேனையோடு பொருது வீழ்ந்தான். 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும், 1761இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். ராஜகிரியின் உச்சிவரை ஒரு பெரும் பீரங்கியை ஏற்றியவர்களின் உழைப்பை இன்றும் மலையேறுகிறவர்கள் கண்டு வியக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்த வரிசையில் இடம் பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். உலகம் இனி அங்கே வரும். வருகிறவர்களுக்குக் கல்லையும் மதிலையும் காட்டினால் மட்டும் போதாது, அந்த மதில்களை எழுப்பச் செய்ததும் பின்னர் பயனற்றவையாக்கியதும் எவை என்பதையும் காட்ட வேண்டும்.

அக்காட்சிசாலையில் செங்கம் வட்டாரத்து நடுகற்களின் பிரதிகளில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களில் தொடங்கி, திரித்துப்பாக்கி, சக்கிமுக்கித் துப்பாக்கி, பின்புறம் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, ரிவால்வர், பிஸ்டல் என்று படிப்படியாக வரிசை வைக்கலாம். 1966இல் நிறுவப்பட்ட திருச்சி ஆயுதத் தொழிற்சாலை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பிஸ்டலின் பக்கத்தை வெட்டித் திறந்து உள்ளுறுப்புகளின் இயக்கத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும் மாதிரி ஒன்றைச் செய்து தர அதனால் முடியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டைக் காட்சிசாலையிலும் உள்ள ஆயுதங்களில் சிலவற்றைக் கடனாகப் பெறலாம். குடும்பங்கள் தரும் துப்பாக்கிகளை, சட்டப்படி சுடும் சக்தியை நிரந்தரமாக நீக்கி, கொடுத்தவரின் பெயரும் அவர் எழுதிவைத்த வரலாறும் பக்கத்திலே துலங்கும்படி வைக்கலாம். ஒரு பிஸ்டலைத் தமக்கென்று வைத்திருப்பவருடைய பெயர் அவர் வீட்டு வாசலோடு நின்றுபோகும். அதை அங்கே கொடுப்பவரின் பெயர் மலையேற வருகிற ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையின் கண்ணிலும் படும்.

எனது அன்னை நாடு ஆயுதத்தை வெறுக்கும் நாடன்று. ஆயுத பூஜையன்று ஏரையும் தராசையும் அரிவாளையும் கழுவிப் பொட்டிட்டு வணங்கும் நாடு. எந்தக் கருவியை எதற்காக வைத்திருக்கிறோம் என்று வருஷத்துக்கொரு முறை நம்மை நாமே கேட்டுக்கொள்ளச் செய்வதே அந்தப் பூஜையின் சாரம் என்று நான் நம்புகிறேன். இந்த வருஷம் அந்தக் கேள்வியைத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ளட்டும். அவசியத்துக்காக வைத்திருப்பவர் அதைப் பயிற்சியோடும் பதிவோடும் காக்கட்டும். அவசியம் தீர்ந்தவர் அதை ஒப்படைக்கட்டும். இரண்டாவதை வாங்க எண்ணியவர் அந்தப் பணத்தைக் கொண்டு செஞ்சியில் ஒரு கண்ணாடிப் பேழைக்குக் கைங்கரியம் செய்யட்டும். மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் இடமும் அனுமதியும் கொடுக்க முன்வந்தால், இதைச் செய்து முடிக்கும் மனிதர்கள் செஞ்சி, மேல்மலையனூர் தாலுகாக்களிலேயே இருக்கிறார்கள். உலக மரபுச் சின்னம் என்னும் பட்டயம் வந்திருக்கும் இந்தச் சமயத்திலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஆட்சியரையும், எங்கள் பகுதியின் சட்டமன்ற, பார்லிமெண்டு உறுப்பினர்களையும் வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.